சென்சார் மேல் வைத்த பொட்டு

அக்ஷயாவுக்கு மூன்று விரல் போனது சனிக்கிழமை. திங்கட்கிழமை காலையில், தகடு வெட்டும் அதே பிரஸ்ஸில் என்னை உட்காரச் சொன்னார்கள்.

ரேணிகுண்டாவுக்குப் பக்கத்தில் எங்கள் கம்பெனி. தகடு வெட்டி ஃபேன் மூடி செய்கிறோம். அக்ஷயா நகரியில் கம்பெனி பஸ் ஏறி, புத்தூரில் ஏறும் எனக்கு இடம் போட்டு வைப்பாள். அன்று அந்த சீட் காலியாக இருந்தது. அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அவள் இடத்தில் பையை வைத்துக்கொண்டேன்.

"அது அந்தப் பொண்ணோட கேர்லெஸ், தாட்சாயணி. ஓடுற மிஷின்ல யாராச்சும் கைய வுடுவாங்களா? நீ ஊரிகே சும்மா பயப்படாதே" என்றார் சூப்பர்வைசர் கிரண்குமார்.

விடுவோம். எல்லாரும்தான் விடுவோம். தகடு சிக்கினால் பெடலிலிருந்து காலை எடுக்காமலே கையை உள்ளே விட்டு இழுத்துவிடுவோம். பிரஸ்ஸுக்கு முன்னால் இரண்டு பக்கமும் சென்சார் இருக்கிறது. நடுவில் கை போனால் மிஷின் நின்றுவிடும். அதை நம்பி நம்பி எங்களுக்குப் பயமே விட்டுப்போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை திருப்பதி ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தேன். கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்திருந்தாள். "எப்பவும் போலத்தான் கைய வுட்டேன்க்கா. அது நிக்கல" என்றாள். அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன்.

பிரஸ்ஸைச் சுத்தமாகக் கழுவியிருந்தார்கள். பூசணிக்காய் சுற்றி உடைத்தும் ஆயிற்று. கை போனது மனுஷிக்கு, திருஷ்டி கழித்தது மிஷினுக்கு. நல்ல ஜனங்கள்! சென்சார் பெட்டியில் மட்டும் துணி படவில்லை. போன வாரம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் கண்ணாடி மேல் காய்ந்து ஒட்டியிருந்தன. சாமிக்கு வைத்த பொட்டை யார் அழிப்பார்கள்?

அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பொட்டு கண்ணாடியை மறைக்கிறது. மறைத்தால் மிஷின் ஓடக் கூடாது. பூஜையன்று ஓடவும் இல்லை. தேங்காய் உடைத்துவிட்டுப் பெடலை மிதித்தால் பிரஸ் அசையவே இல்லை. "பூஜ ரோஜு மிஷின் நிக்கலாமா, சகுனம் இன்னா ஆவறது" என்று கிரண்குமார் சார் பதறினார். ஃபிட்டர் நாகேந்திரன் பின்பக்கப் பெட்டியைத் திறந்து ஏதோ வயரை மாற்றிப் போட்டார். ஓடியது. எல்லாரும் கை தட்டினோம். பொட்டு அப்படியே இருக்க, மிஷினும் வாரம் முழுக்க ஓடியிருக்கிறது.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். உள்ளே எல்லாம் மரத்துப்போய்க் கிடந்தது. போய், பேக்கிங் அட்டையில் ஒரு நீளத் துண்டைக் கிழித்து எடுத்து வந்தேன்.

"இன்னா பண்ணிக்கினு கீறே? டைம் ஆவுது" என்றார் கிரண்குமார் சார்.

"பாருங்க சார்" என்றேன். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பெடலை மிதித்தேன். பிரஸ் ஏறி இறங்க ஆரம்பித்ததும், இன்னொரு கையை எட்டவே வைத்து, அட்டையைச் சென்சாருக்கு நடுவே நீட்டினேன். மிஷின் நிற்கவில்லை. அட்டையின் நுனி துண்டாகிக் கீழே விழுந்தது.

பக்கத்து மிஷின்களில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பெடலிலிருந்து காலை எடுத்தார்கள். அந்தப் பக்கம் நின்றிருந்த நாகேந்திரன் தலையைக் குனிந்துகொண்டார். வயர் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. கை போன பிறகும் யாரும் அதைப் போய்ப் பார்க்கவில்லை.

கிரண்குமார் சார் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ சரியா காட்டல. இன்னொரு தபா வெச்சிப் பாரு" என்றார்.

கையில் மிச்சமிருந்த அட்டையைக் கீழே போட்டேன்.

"நீங்க கைய வுட்டுப் பாருங்க சார்" என்றேன்.

அவர் இரண்டு கையையும் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.