மூன்று தடவை கூப்பிட்ட பெயர்

பாடத்துக்கு வைத்திருந்த அந்த நாவலை முழுதாக வாசித்தவர் எங்கள் வகுப்பில் ஒருவருமில்லை. வாசித்ததாகச் சொன்னவர்கள் நிறையப் பேர். முற்றுப்புள்ளி கிடையாது, யார் பேசுகிறார் என்று தெரியாது, ஒரே வாக்கியம் நாற்பது பக்கம் ஓடும். பதினோராம் அத்தியாயத்தில் அந்த வாக்கியமும் இல்லை. வெறும் பெயர்கள்தான். கடைசியில் ஒரே பெயர் மூன்று தடவை, பிறகு ஒரு வெற்றுப் பக்கம்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மழை விடாமல் பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை, கிறகரி சேர் அந்த அத்தியாயத்தை எடுத்தார்.

"இது என்னெண்டு ஆருக்கும் விளங்குதோ?"

"மௌத்தானவங்கட லிஸ்ட்டா சேர்?" என்றான் அலவத்துகொட இப்ஹாம். செத்தவர்கள் பட்டியலாம்; வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

எனக்கு முதல் வரியிலேயே விளங்கிவிட்டது. பன்விலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிரட்டுக்களத்தில், கொழுந்தெடுக்கப் போகிறவர்களைத் தினமும் காலையில் இப்படித்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மூன்று தடவை கூப்பிட்டும் சத்தமில்லை என்றால் அன்றைக்கு அவளுக்கு வேலை இல்லை. கையைத் தூக்கிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அது உனக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். என் அம்மா டீச்சர் என்று முதலாம் வருடத்திலேயே எல்லோரிடமும் அளந்து வைத்திருந்தேன். சேர் சொல்லப்போவதை எழுதிக்கொள்ளக் கொப்பியைத் திறந்தேன்.

"அர்த்தத்தைத் துறந்த மொழி," என்றார் சேர். நான் அதையே ஊதிப் பெருக்கிப் பன்னிரண்டு பக்கக் கட்டுரையாக்கினேன். ஏ கிடைத்தது. 'நுட்பமான வாசிப்பு' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனேன். அம்மா அட்டை கடித்த காலில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். ஏ கிடைத்ததைச் சொல்லி நாவலைக் காட்டினேன்.

"இதுக்கா கலா, ஏ குடுத்தாங்க? கொஞ்சம் படிச்சுக் காட்டேன்."

அவளுக்கு எழுத்து தெரியாது. எதைப் படித்தால் என்ன என்றுதான் நினைத்தேன். கை என்னவோ பதினோராம் அத்தியாயத்தைத்தான் பிரித்தது.

"காளிமுத்து, சூசையம்மா, அங்கம்மா..."

"இருக்கேங்க," என்றாள் அம்மா, குனிந்த தலை நிமிராமலே. அவள் பெயரும் அங்கம்மாதான். பிறகு தானே சிரித்துக்கொண்டாள். "பெரட்டா இது? பழக்கதோசம். நீ படி."

பன்னிரண்டு பக்கம் எழுதிய கையை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் வெட்கமாக இருந்தது. படித்துக்கொண்டே போனேன்.

"ரத்தினம்மா. ரத்தினம்மா. ரத்தினம்மா."

சுண்ணாம்பு தடவிய விரல் நின்றது.

"மூணு தடவ கூப்புட்டும் சத்தமில்லையே. அந்தப் புள்ளைக்கு என்னாச்சு? யாராச்சும் லயத்து வீட்டுக்குப் போயி பாத்தாங்களா?"

பக்கத்தைப் புரட்டினேன். வெற்றுப் பக்கம். அதைப் பற்றி மட்டும் என் கட்டுரையில் மூன்று பக்கம் இருந்தது.

"இல்லம்மா," என்றேன். "யாரும் போயி பாக்கல."