நேரத்துக்குக் கொடுத்த மாத்திரை

கணவன் ஜீவனின் வலது கையைப் புதுச் சட்டைக்குள் நுழைத்துக்கொண்டிருந்தாள் கிருஷாந்தி. முழங்கைத் தோல் காய்ந்த படலமாக உரிந்து அவள் விரலில் ஒட்டியது. அதைப் பார்த்த மாமியார் பாப்பம்மா மறுபடி அழ ஆரம்பித்தாள்.

"நல்லா இருந்த புள்ளைய ஊசி போட்டே கொன்னுட்டாங்களே!"

ஜீவனுக்கு வலிப்பு வந்ததால் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். சில வாரங்களில் காய்ச்சல் கண்டது. உடம்பெல்லாம் சிவந்து தடித்து, முகம் வீங்கியது. "அம்மா வெளையாடுறா. ஆஸ்பத்திரிக்குப் போனா கோவிச்சுக்குவா" என்று சொல்லி, ஹந்தானைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் வேப்பிலை செருகினாள் பாப்பம்மா. கிருஷாந்தி சண்டை போட்டுக் கூட்டிப்போவதற்குள் ஒரு வாரத்துக்கு மேலாகிவிட்டது.

தோல் ஆறத் தொடங்கியபோது அவனுக்குப் பேச்சு குழம்பியது.

"இது அம்மை இல்ல. மாத்திரை ஒத்துக்கல" என்றாள் டாக்டர். "அந்த ஒவ்வாமையில, சின்ன வயசுலேருந்து உடம்புல தூங்கிட்டிருந்த ஒரு வைரஸ் முழிச்சிருக்கு. இப்ப மூளை வீங்கியிருக்கு. தடிப்பு வந்த அன்னைக்கே மாத்திரைய நிப்பாட்டியிருந்தா..."

பாப்பம்மா மூக்கைச் சிந்தினாள். "மாத்திரைய ஒரு வேள விட்டதில்லடி. நீ மறந்தாலும் நான் எழுப்பி எழுப்பிக் குடுத்தேனே. என்னா கொற வச்சேன்?"

டாக்டர் சொன்னது கிருஷாந்திக்கு வாய்வரை வந்தது. பொத்தானைப் போட்டு முடித்தாள்.

"ஒரு கொறையும் வைக்கல, அத்தை."

"கடைசிவரைக்கும் ஒன் பேரத்தான் சொன்னானாம். வார்டுக்கு வந்தவங்க சொன்னாங்க. குடுத்து வச்சவ நீ."

உண்மைதான். கட்டிலருகே அவன் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவளை நர்ஸ் என்று நினைத்துக் கெஞ்சினான்.

"மிஸ், கிருஷாந்திக்கு ஒரு போன் கோல் எடுங்க மிஸ். இன்னும் காணோம். அவ வராம இருக்கமாட்டா."

'நான்தாங்க, நான்தாங்க' என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய், கடைசியில், "எடுத்துட்டேன். வந்துக்கிட்டிருக்காங்க" என்றாள். அவன் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு வலிப்பு விடாமல் வந்தது. அவன் கண் திறக்கவேயில்லை.

சவப்பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவர வழியில்லை என்றார்கள். வாசலை மறித்து நின்ற ஜீவனின் ஆட்டோவை நாலைந்து பேர் தள்ளிப் பார்த்தார்கள். அது அசையவில்லை.

கிருஷாந்தி எழுந்து போனாள். உள்ளே குனிந்து ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டாள்.

"இப்ப தள்ளுங்க."