மோடத்துக்கு ஆயுத பூஜை

என் மச்சினன் துரைக்குத் திருக்கழுக்குன்றத்தில் கல்யாணம். அவன் தாலி கட்டும்போது நான் மேடைப் பக்கமே இல்லை என்றாள் என் மனைவி வசுமதி. இருந்தேன் என்றேன் நான். அட்சதை போட்டது இந்தக் கை. கைக்குத் தெரியாதா? அன்றிலிருந்து ஆறு வாரமாக அவள் என்னோடு பேசவில்லை. சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்வாள். எங்கள் செங்கல்பட்டு வீட்டில் சுவருக்கு இருந்த மரியாதை எனக்கு இல்லை.

ஒரே சாட்சி கல்யாண வீடியோ. அது துரையோடு மஸ்கட்டுக்குப் போய்விட்டது. கேட்டதற்கு, ஃபைல் ஷேரிங் சாஃப்ட்வேர் ஒன்றில் போட்டுவிட்டு, "இறக்கிக்குங்க மாமா" என்றான். பன்னிரண்டு சதவீதத்தில் அது படுத்துக்கொண்டது. மூலையில் ஒரு மஞ்சள் முக்கோணம் வேறு.

சிறுசேரியில் வேலை பார்க்கும் நண்பன் பிரவின்குமாருக்குப் போன் போட்டேன்.

"கம்ப்யூட்டர்ல ஃபயர்வால்னு ஒரு வாட்ச்மேன் கீறான் அண்ணாத்த, மோடத்துல இன்னொருத்தன் கீறான். ரெண்டு பேர்கிட்டயும் சொல்லி வெச்சாதான் வெளியாளு உள்ள வருவான். மோடத்துல ஒரு போர்ட்டைத் தொற, அதான் உள்ள வர்ற கதவு."

"வாட்ச்மேனையே தூக்கிட்டா இன்னா?"

"வைரஸ் வந்து குடித்தனம் பண்ணும். சொன்னத செய்யி."

கல்பாக்கம் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு மோடத்தின் செட்டிங்கில் போர்ட் எண்களைத் தட்டினேன். நாலு தடவை தப்பு. ஐந்தாவது தடவை முக்கோணம் போய்ப் பச்சை டிக் வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் ஆயுத பூஜை. எல்லாவற்றையும் அணைத்துப் படைக்கணும் என்றாள், சுவரிடம். மோடத்தை அணைக்கக் கூடாது என்றேன், நானும் சுவரிடம். பொட்டு வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டுப் பூசணிக்காய் வாங்கப் போனேன். திரும்பி வந்தால் எண்பத்தெட்டில் நிற்கிறது. நெட்டே இல்லை.

"எதனா அமுத்தினியா?" என்றான் பிரவின்குமார் போனில்.

"நான் இன்னாத்துக்குய்யா அமுத்தறேன்?" என்று எரிந்து விழுந்தபடி படையலைப் பார்த்தேன். மோடம் குப்புறக் கிடந்தது. அதன் முதுகிலிருந்த சின்ன ஓட்டையில் ஒரு ஊதுவத்தி நேராக நின்று மணத்துக்கொண்டிருந்தது. குத்தி வைக்க வாழைப்பழம் பத்தவில்லை போலிருக்கிறது. பார்த்ததைப் பிரவின்குமாரிடம் சொன்னேன்.

"ஐயோ, அது ரீசெட் ஓட்டை அண்ணாத்த! வாங்கின அன்னிக்கி எப்டி இருந்துச்சோ அப்டி ஆயிருக்கும்."

மறுபடி பாஸ்வேர்டு, மறுபடி எண்கள். சாயங்காலம் நூறு சதவீதம் ஆனது. வசுமதிக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்தேன்.

கெட்டிமேளம் கேட்டது. அந்த நேரம் பார்த்து இரண்டாவது கேமராக்காரன் டிபன் பந்தியில் நின்றிருக்கிறான். பந்தியில் நான். வாய் நிறையப் பொங்கல். மேளச் சத்தம் கேட்டதும் உட்கார்ந்த இடத்திலிருந்தே மேடைப் பக்கமாக அட்சதையை வீசுகிறேன். அது எதிர் இலைக்காரர் சாம்பாரில் விழுகிறது.

அட்சதை போட்டேனா இல்லையா என்று கேட்க வாயைத் திறந்தேன். வசுமதியின் முகத்தைப் பார்த்ததும் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அழித்துவிடலாம் என்று மவுஸைப் பிடித்தபோதுதான் கவனித்தேன். துரை இதையே இன்னும் ஒன்பது சொந்தக்காரர்களுக்கும் கொடுத்திருக்கிறான். இப்போது மிஷினை அணைத்துவிட்டு எங்கோ போய்விட்டான். அந்த சாஃப்ட்வேரில் ஒருவர் இறக்கி முடித்தால் மற்றவர்கள் அவரிடமிருந்தே இறக்கிக்கொள்ளலாமாம். நான் பாடுபட்டுத் திறந்த போர்ட் வழியாக ஒன்பது பேரும் என்னிடமிருந்தே அதை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

பதறிப்போய் சுவிட்சுக்குக் கையை நீட்டினேன். வசுமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆஃப் பண்ணாதீங்க. பெரியப்பாவுக்கு இன்னும் பாதிதான் போய்க்கீது" என்றாள், என்னைப் பார்த்து.