இஸ்திரிப்பெட்டி தோசை

கல்யாணமாகி ஒரு வருஷம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பார்த்திபன் வீட்டு அடுப்பு நீலமாக இரண்டு முறை கண் சிமிட்டிவிட்டு அணைந்தது.

பார்த்திபன் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தான். ஒற்றைக் கையில் வந்தது. வெந்நீரில் உட்கார வைத்தால் மிச்சம் மீதி மேலே வரும் என்று யாரோ சொன்ன ஞாபகம். வெந்நீர் போட அடுப்பு வேண்டும் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

"ஸ்பேர் சிலிண்டர் எங்கப்பா?" என்றாள் அவன் மனைவி ஏஞ்சல்.

"மாடியில."

"மாடியில இன்னா பண்ணுது?"

"வளைகாப்பு பண்ணுது."

மாடிவீட்டு மோகன்ராஜ் முந்தின நாள் வந்து கேட்டான், இவன் தூக்கிக் கொடுத்துவிட்டான். இப்போது மேலே ஏழு வகைச் சாதமும் தாளிக்கிற வாசனை படியிறங்கி வந்துகொண்டிருந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்குப் பொங்குகிற அடுப்பைப் பாதியில் பிடுங்கிக்கொண்டு வர, கும்மிடிப்பூண்டியில் யாருக்கும் தைரியம் கிடையாது.

"மேலயே கேட்டு நாலு தட்டு வாங்கிக்கலாமா?"

"வாங்கிப் போட்டா, அது நாம போட்டதா ஆவுமா?" என்றாள் ஏஞ்சல்.

ஆகாது. சிக்கலே அதுதான். கல்யாணப் பேச்சுக்கு ஆரம்பாக்கத்திலிருந்து செவ்வாப்பேட்டைக்குப் போன பார்த்திபனின் அப்பா முனுசாமி, ஏஞ்சல் வீட்டில் உடைத்துக் கொடுத்த கலர் சோடாவை ஒரு வாய்கூடக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். சொந்த நிலத்தில் நெல் போடுகிறவர் கூலிக்காரர் வீட்டில் கை நனைப்பதா என்று ஊரில் நாலு பேர் கேட்பார்களாம். ஏஞ்சலின் அம்மா விக்டோரியா அன்றைக்கே சொல்லிவிட்டார்: "அந்தாளு என் ஊட்ல கலரு குடிக்கல. அவரு புள்ள ஊட்ல நானும் கை நனைக்க மாட்டேன்." அந்தக் கலர் பாட்டிலை மூடி போட்டு இன்னும் ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறார். அதில் கேஸ் போய்விட்டது, கோபம் போகவில்லை.

இந்த ஒரு வருஷத்தில் விக்டோரியா மகள் வீட்டுக்கு மூன்று முறை வந்தார். மூன்று முறையும் தண்ணீரைக்கூடத் தன் பையிலேயே கொண்டுவந்தார். இன்றைக்கு இரண்டு பேரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துவிடுவது என்பது ஏஞ்சலின் திட்டம். ஒருவர் வருவது இன்னொருவருக்குத் தெரியாது என்பது பார்த்திபன் அதில் செய்த மேம்பாடு.

"இண்டக்‌ஷன் ஸ்டவ் இருக்குதே," என்றான்.

ஏஞ்சல் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிளாஸ்டிக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கிற பார்த்திபன் போன மாசம் அதை ரிப்பேர் செய்தான். அதிலிருந்து அது மணி மட்டும் காட்டுகிறது.

மீதி இருந்தது ஒரு ரைஸ் குக்கர், ஒரு கெட்டில். குக்கரில் சோறு வைத்தால் பழவேற்காட்டு இறாலுக்கு வழியில்லை. இறாலை வைத்தால் சோற்றுக்கு வழியில்லை. இறால்தான் ஜெயித்தது. ரசம் கெட்டிலுக்குப் போனது. ஃப்ரிட்ஜில் தோசை மாவு இருந்தது.

"தோசைய எதுலப்பா ஊத்துவ?"

பார்த்திபன் பீரோவைத் திறந்து இஸ்திரிப்பெட்டியை எடுத்தான்.

முதலில் வந்தவர் முனுசாமி. புது அரிசி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னாம்மா, நல்லா கீறியா?" என்று மருமகளை விசாரித்தார். பத்து நிமிஷத்தில் விக்டோரியா வந்தார். சம்பந்திகள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், உடனே பார்க்கவில்லை என்று தீர்மானித்தார்கள். முனுசாமி ஒரு பிளாஸ்டிக் சேரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், மீட்டர் பெட்டியின் கீழே போட்டு உட்கார்ந்துகொண்டார்.

விக்டோரியா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். "பாத்துட்டு போலாம்னுதான் வந்தேன். எனக்குத் தண்ணி கூட வேணாம்."

அப்போது பார்த்திபன் வாஷிங் மெஷினின் டிரையருக்குள் தலையை விட்டிருந்தான். சட்னிக்கு அலசிய கொத்தமல்லியில் தண்ணீர் நிற்கக்கூடாது என்று ஏஞ்சல் சொல்லியிருந்தாள். தண்ணீர் நிற்கவில்லை. கொத்தமல்லி டிரம் முழுக்க ஓவியம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் சுரண்டிச் சுரண்டி எடுத்தான்.

"இன்னாப்பா, தொவைக்கிறியா, சமைக்கிறியா?"

"ரெண்டுக்கும் நடுவுல, அத்தை."

பிறகு இரண்டு செங்கலுக்கு நடுவில் இஸ்திரிப்பெட்டியைக் கவிழ்த்து நிறுத்தி, எண்ணெய் தடவி, மாவை ஊற்றினான். அது ஆவி விடுகிற பெட்டி. மாவில் பாதி ஓட்டைகளுக்குள் இறங்கியது.

"மேல வேகல பாரு," என்றாள் ஏஞ்சல்.

"ஆவி வுட்டா வெந்துரும்." அவன் பித்தானை அழுத்தினான்.

பெட்டி இருமியது. பிறகு உள்ளே போனதையெல்லாம் வெளியே கக்கியது. சுவர்க் காலண்டரில் அந்த மாசத்து நல்ல நாட்கள் எல்லாம் மறைந்தன. பார்த்திபனின் இடது புருவத்திலும் கொஞ்சம் தோசை இருந்தது.

கம்பெனி கேன்டீனில் முந்நூறு பேருக்குச் சமைக்கிறவர் விக்டோரியா. இரண்டாவது தோசை வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது பிய்ந்ததும் கைப்பையைக் கீழே வைத்தார்.

"எந்திரி."

"அத்தை, நீங்க கெஸ்ட்டு..."

"எந்திரின்றேன். டயலை எதுல வெச்சிருக்க?"

"சில்க்குல. தோசை மெல்லிசுதானே?"

விக்டோரியா அவனை நேராகப் பார்த்தார். டயலைக் காட்டனுக்குத் திருப்பினார். சப்பாத்தி சுற்றுகிற அலுமினியத் தாளை இழுத்துப் பெட்டியின் முகத்தில் மடிப்பில்லாமல் போர்த்தி, மாவை ஊற்றினார். சொய்யென்றது. அந்தச் சத்தத்தில் ஏஞ்சலுக்குக் கண் கலங்கிவிட்டது. அதே நேரத்தில் பார்த்திபன் குக்கரையும் கெட்டிலையும் போட்டான், வீடு முழுக்கக் கரண்ட் போனது.

வீட்டுக்காரர் இழுத்திருந்த ஒயர் அப்படி. ஒரு நேரத்தில் ஒரு சாமான்தான் தாங்கும். இரண்டாவதைப் போட்டால் மீட்டர் பெட்டியில் ட்ரிப்பர் விழுந்துவிடும். மீட்டர் பெட்டிக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர் முனுசாமி.

விக்டோரியா வாசல் பக்கம் திரும்பாமல் பொதுவாகச் சொன்னார். "வெளிய இருக்கறவங்க அத்த கொஞ்சம் தூக்கி வுட்டா தேவலை."

முனுசாமி தெருவைப் பார்த்துப் பதில் சொன்னார். "உள்ள இருக்கறவங்க ஒண்ணொண்ணா போட்டா வுழாது."

டக். கரண்ட் வந்தது. அரைத் தோசையில் மறுபடி போனது.

"யாரு இப்ப கெட்டில போட்டது?" என்று வாசலிலிருந்து அதட்டல்.

"உங்க புள்ளதான்!"

"டேய், கைய வெச்சிக்கினு சும்மா கெடடா! நீங்க சொல்லுங்க, எத்த மொதல்ல போடறீங்க?"

"தோசை. அப்பால குக்கரு."

"போடுங்க. ம்... தாங்குது. பம்புசெட்டு ஓட்றவனுக்கு இது தெரியாதா?"

அதன் பிறகு பார்த்திபனுக்கும் ஏஞ்சலுக்கும் அந்த வீட்டில் வேலை இல்லாமல் போனது. உள்ளேயிருந்து "அயர்ன் ஆஃப்!" என்று குரல் போகும். வெளியேயிருந்து "குக்கர போடுங்க!" என்று குரல் வரும். ஆறாவது தோசையின்போது யார் எதைப் போட்டார்களோ, மறுபடி விழுந்தது.

"சம்மந்தி, வுழுந்துச்சு!" என்று கத்தினார் விக்டோரியா.

ஏஞ்சல் பார்த்திபனின் கையைக் கிள்ளினாள். அவன் வலியைச் சத்தமில்லாமல் அனுபவித்தான்.

ட்ரிப்பரைத் தூக்கிவிட்டு முனுசாமி உள்ளேயே வந்துவிட்டார். தட்டில் படகுப் படகாகத் தோசைகள் அடுக்கியிருந்தன. ஒரு படகின் மூக்கை உடைத்து வாயில் போட்டார்.

பிள்ளையும் மருமகளும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"உப்பு கம்மி," என்றார்.

விக்டோரியாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "இன்னா சொன்னீங்க?"

"கம்மின்றேன்."

"முந்நூறு பேரு துண்றாங்க என் சமையல. ஒருத்தன் சொன்னதில்ல." அதே படகின் ஓரத்தை உடைத்து விக்டோரியா வாயில் போட்டார். மென்றார். நியாயமாக யோசித்தார். இறால் தொக்கைத் தொட்டு இன்னொரு வாய் போட்டார். "எங்க கம்மி? சரியாத்தான் கீது."

"தொக்கோட துண்ணா சரியாத்தான் இருக்கும். வெறுந்தோசைய துண்ணு பாருங்க."

விக்டோரியா வெறுந்தோசையைத் தின்று பார்த்தார். முனுசாமி தொக்கோடு தின்று பார்த்தார். விசாரணை நாலு தோசை வரைக்கும் நடந்தது. தீர்ப்பு வரவில்லை. பார்த்திபன் கெட்டிலைத் தூக்கி ரசத்தை இரண்டு டம்ளரில் டீ மாதிரி ஊற்றி நடுவில் வைத்தான். இருவரும் எடுத்துக் குடித்தார்கள்.

"ரசம் பரவால்ல," என்றார் முனுசாமி, டம்ளரைப் பார்த்துக்கொண்டே. பிறகு, "செவ்வாப்பேட்டையில அன்னிக்கு... நான் அந்தக் கலர குடிச்சிருக்கணும்," என்றார்.

"கீது. ஃப்ரிட்ஜில கீது. வந்து குடிச்சிட்டு போங்க."

"கேஸ் போயிருக்குமே?"

"உங்களுக்குக் கேஸ் இல்லாததுதான் குடுக்கணும்."

முனுசாமி சிரித்ததில் ரசம் மூக்கில் ஏறியது. விக்டோரியா அவர் தலையில் தட்டப் போய், பாதியில் நிறுத்தி, பிறகு தட்டியே விட்டார்.

வாசலில் 'ணங்' என்றது. மோகன்ராஜ் சிலிண்டரை இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். "ரொம்ப தேங்க்ஸ் பார்த்தி. பாதிக்கு மேல கேஸ் கீது. மாட்டித் தரவா?"

உள்ளே, "சம்மந்தி, கடைசி கரண்டி! குக்கர ஆஃப் பண்ணுங்க!" என்று சத்தம் கேட்டது.

பார்த்திபன் கதவை மெல்லச் சாத்தினான். சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு, மோகன்ராஜை முன்னால் தள்ளியபடி, திரும்பவும் மாடிப்படி ஏறினான்.

"இன்னாடா பண்ற?"

"சாயந்திரம் வரிக்கும் நீயே வெச்சிக்க. கீழ இதைப் பாத்தாங்கன்னா குடும்பம் ரெண்டாப் பூடும்."