விக்டோரியாவின் பாய்லர்

விக்டோரியா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரப்பர் கம்பெனியில் பாய்லர் ஆபரேட்டர். லைசென்ஸ் எடுத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. அவள் கணவன் அன்புசெல்வன் பக்கத்துத் தெருப் பட்டறையில் லேத் ஓட்டுபவன். வேலை சுத்தம் என்று பேர் வாங்கியவன். எளாவூரில் இருக்கும் வீட்டின் பின்பக்கம் ஷெட் போட்டு, நான்கு வருஷமாக இருவரும் சேர்ந்து ஒரு நீராவி இன்ஜின் செய்துகொண்டிருந்தார்கள். பழைய மீட்டர்கேஜ் இன்ஜினின் எட்டில் ஒரு பங்கு. நிலக்கரி போட்டு ஓட்டலாம், பின்னால் பெட்டி கோத்தால் ஆள் உட்காரலாம்.

லீவு நாளில் பெரம்பூர் ரயில் மியூசியத்துக்குப் போய், நிஜ இன்ஜினைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வருவார்கள். அவன் ரிவெட்டுகளை எண்ணுவான். அவள் குனிந்து சாம்பல் தட்டைப் பார்ப்பாள். சண்டையெல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கும். எல்லாமே எட்டில் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அவன் கட்சி. இரும்பைச் சுருக்கலாம், தண்ணீரைச் சுருக்க முடியாது என்பது அவள் கட்சி. நீளம் எட்டில் ஒன்றானால் பாய்லர் பிடிக்கிற தண்ணீர் ஐந்நூற்றுப் பன்னிரண்டில் ஒன்றாகிவிடும். பெரிய இன்ஜின் சூடேற மணிக்கணக்காகும், ஏறிவிட்டால் சட்டென்று ஆறாது. இது அரை மணியில் கொதிக்கும். யாரோடாவது பேசிக்கொண்டு கவனிக்காமல் விட்டால், மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் இறங்கியிருக்கும். நிஜ இன்ஜினின் பாய்லருக்குள் சூடான புகை போகும் தீக்குழாய்கள் நூற்றுக்கு மேல். அவற்றை அப்படியே சுருக்கினால் கரி அடைத்துக்கொள்ளும் என்று அவள் பதினெட்டே குழாய்களைக் கொஞ்சம் பருமனாக வைத்தாள். செம்புத் தகட்டை வளைத்ததும், வெள்ளி கலந்த பற்றாசு வைத்து இணைத்ததும் அவள்தான்.

ஓட்டும் அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு அழுத்தத்துக்குத் தண்ணீர் ஏற்றிச் சோதித்த அன்று கைப்பம்பு அடித்தவன் அன்புசெல்வன். அரை மணி நேரம் மீட்டர் முள் அசையவில்லை. அன்று அவன் அவளைப் பார்த்த பார்வையை அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

தை மாதம், சிறுதொழில் சங்கத்தின் கண்காட்சி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. இன்ஜினை முதன்முதலாக வெளியே ஓட்டப் போகிறார்கள். பதினொரு மணிக்குத்தான் ஓட்டம், நீ ஷிப்டு முடிந்து வந்து தீ மூட்டினால் போதும் என்று சொல்லிவிட்டு, இன்ஜினைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவன் முன்னால் போனான்.

அவள் பத்து மணிக்கே போய்விட்டாள். மண்டபத்து வாசலில் வளையமாகப் போட்ட தண்டவாளத்தில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பின்பெட்டியில் நான்கு பிள்ளைகள். வெள்ளைப் புகை. குக்கூவென்று விசில். ஒரு கணம் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. யார் தீ மூட்டினார்கள் என்ற யோசனை அதற்கப்புறம்தான் வந்தது. நிலக்கரி வாசனையே இல்லை. புகை ஊதுவத்தி மாதிரி மணத்தது. வளைவில் வண்டி மெதுவானபோதும் 'சுக்கு சுக்கு' சத்தம் அதே வேகத்தில் கேட்டது. இன்ஜின் நின்றதும் கிட்டே போய் பாய்லர் மேல் உள்ளங்கையை வைத்தாள். சில்லென்றிருந்தது. கரி இருக்க வேண்டிய இடத்தில் பேட்டரி இருந்தது.

சங்கத்து சுப்பிரமணி அவளிடம் வந்து ஆதரவாகச் சொன்னார்: "நல்ல வேளைம்மா. அந்த பாய்லர் ஸ்டீமுக்கு லாயக்கில்லன்னு உங்க ஊட்டுக்காரரே முன்னாடி சொல்லிட்டாரு. இத்தினி பசங்க இருக்காங்க, இல்லியா."

அன்புசெல்வன் ஷீல்டு வாங்கினான். வீட்டுக்கு வந்ததும் அவள் இன்ஜினைச் சாய்த்துப் பார்த்தாள். மோட்டாரைப் பொருத்துவதற்காக பாய்லரின் அடியில் நான்கு துளைகள் போட்டிருந்தான். அவன் கைவேலை, நான்கும் ஒரே அச்சாக, பிசிறில்லாமல் இருந்தன. மூன்று வாரம், அவள் வேலைக்குப் போன நேரமெல்லாம் பார்த்து முடித்திருக்கிறான்.

"பம்ப் அடிச்சது நீதான? முள்ளு எறங்கிச்சா?" என்று கேட்டாள்.

"எறங்கல."

"அப்புறம் இன்னாத்துக்கு அந்தாளுகிட்ட அப்டி சொன்ன?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ஸ்டீம்னா பாதியில நின்னாலும் நின்னுடும். எல்லாரும் பாத்துக்கினு இருக்கறப்போ நின்னா அசிங்கம். மோட்டார் எதுக்குன்னு கேப்பாங்க இல்ல? பாய்லர் சரியில்லன்னா மேல யாரும் கேக்க மாட்டாங்க."

பாய்லர் வெடித்துவிடும் என்று பயந்து சொல்லியிருந்தால்கூட அவளுக்கு மனம் ஆறியிருக்கும். நன்றாக இருக்கிறது என்று தெரிந்தேதான் சொல்லியிருக்கிறான்.

மறுநாளே பாய்லரைக் கழற்றி எடுத்துக்கொண்டாள். அவன் தடுக்கவில்லை. பதிலுக்கு ஒரு பிவிசி குழாயை அளவாக வெட்டிக் கறுப்பு பெயின்ட் அடித்து மாட்டினான். பார்க்க அப்படியே இருந்தது. திருநின்றவூரில் ஒரு பள்ளிக்கூட விழாவுக்குக் கொண்டுபோனபோது யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதை அவனே சிரித்துக்கொண்டு வந்து சொன்னான். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

துளைகளைச் செம்பு வைத்து அடைக்க அவளுக்கு இரண்டு மாதமாயிற்று. கைப்பம்பைத் தானே அடித்து, தானே முள்ளைப் பார்த்துச் சோதித்தாள். முள் அசையாமல் நின்றது. அதைப் பார்த்துவிட்டு அவன், "புதுசா ஒரு இரும்புச் சட்டம் போடறேன். சக்கரம்லாம் நானே கடைஞ்சி தரேன். இந்த வாட்டி ஸ்டீம்லயே ஓட்டலாம்," என்றான்.

அந்த வட்டாரத்தில் அவனைப் போலச் சக்கரம் கடைய ஆளில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

"சக்கரம் கடைய வெளியில குடுத்துட்டேன்," என்றாள்.