மாமி பேசுவா

சிவகௌரிக்கு ஏழு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனில் கோலியர்ஸ் வுட்டிலுள்ள தாய்மாமன் யோகராஜாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். பிள்ளை எலும்பும் தோலுமாய் இருக்கிறாள், சாப்பாட்டைக் கண்டால் மேசைக்கடியில் ஒளிகிறாள் என்று பள்ளி ஆசிரியை, குழந்தைகள் நலனைக் கவனிக்கும் உள்ளூர்க் கவுன்சிலுக்கு அறிவித்தாள். அதன் பிறகு அவளை ஸ்ட்ரெதமில் டொரீன் என்ற வளர்ப்புத் தாயிடம் தற்காலிகமாக விட்டிருந்தார்கள். மாமன் வீட்டுக்கே திருப்பி அனுப்பலாமா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டும்.

குழந்தைக்காக வாதாட நியமிக்கப்பட்ட மிஸஸ் ஹோல்ட்டுக்குத் தமிழ் தெரியாது. அவளுக்கு உதவத் தொண்டராகச் சேர்ந்தவள் பவளக்கொடி. கோலாலம்பூரிலிருந்து படிக்க வந்து, லண்டனிலேயே வேலையில் அமர்ந்துவிட்டவள். வழக்குகளைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. தமிழ் தெரியும், அதுவாவது தெரியுமே என்று நினைத்துக்கொண்டாள்.

டொரீனின் சமையலறையில் சிவகௌரி அவளைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நீங்கள் படத்தில கதைக்கிற மாதிரிக் கதைக்கிறீங்கள்."

பவளக்கொடியும் சிரித்தாள். பிறகு மெல்லக் கேட்டாள். "மாமி அடிப்பாங்களாம்மா?"

"அடிக்கமாட்டா. பேசுவா."

"தினமுமா?"

"ஓம். சாப்பிடேக்கையும் பேசுவா. படுக்கேக்கையும் பேசுவா."

"டொரீன் ஆன்ட்டி?"

"ஆன்ரி ஒரு நாளும் பேசேல்லை."

எதையும் ஒரு தரம் கேட்டு நம்பிவிடும் துணிச்சல் பவளக்கொடிக்குக் கிடையாது. அடுத்த வாரமும் போய் அதையே கேட்டாள். பிள்ளை அதையே சொன்னாள். பாவம், பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் வெள்ளைக்காரி வீட்டில் கிடக்கிறாள் என்று பவளக்கொடிக்கு மனம் கனத்தது.

அவள் எழுதிக் கொடுத்ததை மிஸஸ் ஹோல்ட் நீதிபதியிடம் வாசித்தாள். மாமி சாப்பாட்டு வேளையிலும் படுக்கும் வேளையிலும் தன்னோடு பேசுவதாகவும், வளர்ப்புத் தாய் பேசுவதே இல்லையென்றும் குழந்தை சொல்கிறாள். நீதிபதி தலையசைத்தார். கவுன்சிலின் கண்காணிப்பில் மாமன் வீட்டுக்கே போகட்டும் என்று உத்தரவிட்டார்.

வெளியே நடையில் சிவகௌரி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். மாமி முன்னால் போய்விட்டாள். யோகராஜா குனிந்து பிள்ளையின் கண்ணைத் துடைத்தார்.

"அழாதை பிள்ளை. மாமி இனிப் பேசமாட்டா. நான் சொல்லி வைக்கிறன்."

"ஏன் அண்ணே? பேசினா நல்லதுதானே?" என்றாள் பவளக்கொடி.

"என்ன தங்கச்சி, பகிடியே? பேச்சு வாங்கி வாங்கித்தானே இது சோத்தைக் கண்டாலே நடுங்குது."

"பேச்சுன்னா... ஏசுறதா?"

"பின்னை? சும்மா பறையிறதெண்டால் கதைக்கிறதெண்டெல்லோ சொல்லுவம்."

பவளக்கொடி மிஸஸ் ஹோல்ட்டைத் தேடி ஓடினாள். வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்து விழுந்தன. மிஸஸ் ஹோல்ட் கண்ணாடியைக் கழற்றினாள்.

"நடந்ததை இன்றே எழுதிக்கொடு. மறுபடி மனுப் போடுகிறேன். நாளாகும். அதுவரை உத்தரவு உத்தரவுதான். இன்று அவள் அங்கேதான் போக வேண்டும்."

பவளக்கொடி வாசலுக்கு வந்தபோது காரின் பின்கதவு திறந்திருந்தது. சிவகௌரி இன்னும் ஏறவில்லை.

"அக்கா, நான் சொன்னதை உள்ளுக்குச் சொன்னீங்களோ?"

"சொன்னேம்மா."

"மாமி பேசுறதையும்?"

"ஆமா. ஆனா நான்..."

"கௌரி! எவ்வளவு நேரம் நிக்கிறது? ஏறடி!" காருக்குள்ளிருந்து மாமியின் குரல் வந்தது.

பிள்ளை அவசரமாக ஏறினாள். கதவை இழுக்குமுன் பவளக்கொடியை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை.

"அப்ப, எல்லாம் தெரிஞ்சுதான் என்னை அங்கை விடுகினம்" என்றாள்.