பத்தொன்பதாவது ஆள்

எங்கள் ஊர் நல்கராவின் ஃபுட்டி கால்பந்து கிளப்பின் வரலாற்றை எழுதும் வேலை என்னிடம் வந்ததற்கு ஒரே காரணம், செவ்வாய்க்கிழமை மாலைகளில் நான் எழுத்து வகுப்புக்குப் போவது ஊருக்குத் தெரிந்திருந்ததுதான். பகலில் கோதுமைக் கிடங்கில் லாரிகளை எடை போடுகிறேன். கிளப்பின் செயலாளர் நொரீன் ஒரு நாள் எடைமேடை ஜன்னலுக்கு வந்து, அடுத்த சீசன் முதல் நாங்கள் பக்கத்துக் கெரின் ஏரி கிளப்போடு இணையப்போவதாகவும், அதற்கு முன் ஒரு புத்தகம் வந்துவிட வேண்டும் என்றும் சொன்னார். என் வாக்கியங்கள் வேலிக்கம்பு மாதிரி எல்லாம் ஒரே உயரத்தில் இருப்பதாக வகுப்பில் சொல்கிறார்கள் என்றேன். எங்களுக்கு வேலிதான் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஓர் உறை போட்டேன். ஆட்டுக்கிடை நிலத்தைச் சமப்படுத்தி முதல் மைதானம் உண்டானது, எதிரணி குதிரை வண்டியில் வந்து சேராததால் மறுநாள் ஆடியது, இரண்டு போர்களிலும் கிளப்பை மூடி வைத்தது, திரும்பி வராதவர்களின் சட்டை எண்களைச் சில வருடங்கள் யாருக்கும் தராமல் இருந்தது. இவையெல்லாம் எளிதாக வந்தன. சரியாக வந்தனவா என்பது வேறு விஷயம். ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று முறை திருத்தினேன். பெரும்பாலும் முதலில் எழுதியதற்கே திரும்பி வந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றாம் வருடத்தில் நின்றுவிட்டேன்.

நூற்றாண்டு விழாவுக்குப் போட்ட பழைய புத்தகத்தில் அந்த வருடத்துக்கு ஒரே வரி: 'இறுதிப் போட்டி நமக்குச் சாதகமாக அமையவில்லை.' நடந்தது என்ன என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு நடந்தது எனக்கே தெரியும். யார் சொன்னார்கள் என்றுதான் நினைவில்லை.

எங்கள் ஆட்டத்தில் ஒரு பழைய விதி உண்டு. களத்தில் ஓர் அணிக்குப் பதினெட்டுப் பேர்தான் இருக்கலாம். எதிரணியில் ஆள் கூடுதல் என்று கேப்டனுக்குத் தோன்றினால், எண்ணிப் பார்க்கச் சொல்லி நடுவரிடம் கேட்கலாம். ஆட்டம் நிற்கும். இரண்டு அணிகளும் மைதானத்தின் நடுவே வரிசையில் நிற்க வேண்டும். பத்தொன்பது பேர் இருந்தால் அந்த அணி அதுவரை அடித்த அத்தனை புள்ளிகளும் அழிந்து பூஜ்யமாகிவிடும். எத்தனையோ பேர் வாழ்நாள் முழுக்க ஆடியும் இந்த விதி நடைமுறைக்கு வந்து பார்த்ததில்லை. நாங்கள் பார்த்தோம், இறுதிப் போட்டியில், ஐந்து கோல் முன்னிலையில், ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது.

பத்தொன்பதாவது ஆள் ஆல்வின் ட்ரெசைஸ். ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் மூன்றாவதில் தலையில் அடிபட்டு அவர் வெளியேற்றப்பட்டிருந்தார். அவருக்குப் பதிலாக ஒருவர் உள்ளே வந்துவிட்டார். அந்தக் காலத்தில் வெளியே போனவர் திரும்பி வரக்கூடாது. ஆனால் கடைசிப் பகுதிக்கு முன் பயிற்சியாளர் பேசும்போது எங்கள் பக்கத்தில் எல்லோருமே மைதானத்துக்குள் போய்ச் சுற்றி நிற்பார்கள். ஆட்டக்காரர்கள், அவர்களுடைய மனைவிகள், பிள்ளைகள், நாய்கள் வரை. ஆல்வினும் போய் நின்றிருக்கிறார். மணி அடித்ததும் கூட்டம் வேலிக்குத் திரும்ப, அவர் கால்கள் மட்டும் வழக்கமான இடத்துக்கு ஓடியிருக்கின்றன. ஆறு வருடம் நின்ற இடம். எப்போதும் இருக்கிற இடத்தில் இருந்ததால் எங்கள் ஆட்கள் யாருக்கும் அவர் தனியாகத் தெரியவில்லை. எதிரணியான கெரின் ஏரியின் கேப்டன் கிளாரி வாய்ட்டுக்குத் தெரிந்தது. எண்ணிப் பார்க்கச் சொன்னார்.

அன்று தோற்றோம். அதன் பிறகு நல்கரா ஒரு கோப்பையும் வென்றதில்லை.

ஆல்வினுக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கிறார். எங்கள் மைதானத்தில் நடக்கும் எல்லா ஆட்டத்துக்கும் வருவார். மற்ற வண்டிகள் வேலியை ஒட்டி மூக்கை நுழைத்து நெருக்கமாக நிற்க, அவருடையது மட்டும் தூரத்து கோல் கம்பங்களுக்குப் பின்னால் நிற்கும். அங்கே நிற்கச் சொல்லி யாரும் சொன்னதில்லை. கடையில் பார்த்தால் மழையைப் பற்றிப் பேசுவார்கள், இடுப்பு வலியை விசாரிப்பார்கள். கிளப் பாருக்குள் அவர் நுழைந்தால், பழைய இறுதிப் போட்டிகளைப் பற்றிப் போய்க்கொண்டிருந்த பேச்சு ஆட்டு விலைக்குத் திரும்பிவிடும். நானே திருப்பியிருக்கிறேன். அதை மரியாதை என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் மாதத்து ஆட்டம் ஒன்றில், இடைவேளையின்போது ஒரு பழைய புகைப்படத்தை எடுத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி அவர் வண்டிக்கு நடந்தேன். பின்வரிசையில் இருவரின் பெயர் தெரியவில்லை; அதைக் கேட்கத்தான் போனேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் பக்கத்து இருக்கையிலிருந்த ஃபிளாஸ்கை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னார். இரண்டு பெயர்களையும் சொன்னார். பிறகு வண்டியின் முன்கண்ணாடி வழியாக மைதானத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"எழுபத்து மூணுக்கு வந்துட்டியா, லெய்ட்டன்?"

"வந்துட்டேங்க."

"என்ன எழுதப் போற?"

இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன்.

"என் பேரைப் போடு," என்றார்.

எல்லோரும் படிப்பார்களே என்று இழுத்தேன். என் வாயிலிருந்து வந்த சொற்களிலேயே அதுதான் மிக முட்டாள்தனமானது என்று இப்போது நினைக்கிறேன்.

"யாருக்குத் தெரியாதுன்னு நினைக்கிற? இத்தனை வருஷத்துல ஒருத்தன் என்னைத் திட்டல தம்பி. அன்னைக்கு டிரெஸ்ஸிங் ரூம்ல எவனாவது ஒரு பூட்ஸைத் தூக்கி என் மேல அடிச்சிருந்தா அதோட போயிருக்கும். அந்த மூலையில நிக்கிறான் பாரு, கோலுக்கு முன்னாடி நின்னுகிட்டு வெளிய அடிச்சானே ஒரு தடவை, அவனை இன்னும் கோணக்காலன்னுதான் கூப்பிடுறாங்க. கல்யாணப் பத்திரிகைல கூடப் போட்டாங்க. இந்த கிளப்புல பட்டப்பேர் இல்லாத ஒரே ஆளு நான்தான்."

சைரன் ஒலித்தது. ஆட்டக்காரர்கள் ஓடி வந்தார்கள். எங்கள் சட்டையின் மரூன் நிறம் அடுத்த வருடம் இருக்காது.

"இதுதான் கடைசிப் புத்தகம்," என்றார். "இதுல இல்லன்னா நான் ஆடவே இல்லன்னு ஆயிடும்."

அன்று மாலையே அந்தப் பக்கத்தை எழுதிவிட்டேன். அலங்காரம் எதுவும் சேர்க்கவில்லை. நடந்ததை வரிசையாக, அவர் பெயரோடு எழுதினேன்.

கமிட்டியில் நொரீன் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். தலைவர் பெர்னி ஹைன்ரிக் எதிரே உட்கார்ந்திருந்தார். எழுபத்து மூன்று அணியில் ஆல்வினைத் தவிர ஊரில் மிச்சமிருப்பவர் அவர் ஒருவர்தான். அவர் தாளைப் படிக்கவே இல்லை. குவளையின் கைப்பிடியை ஒரு பக்கமும் மறு பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தார்.

ஆல்வினே கேட்டார் என்று சொன்னேன்.

"கேட்பான். அவன் குணம் அப்படி," என்றார் நொரீன். "அதுக்காக நாம போட்டுடுறதா? புத்தகத்தை வெளியிடுற விருந்துல, அவ்வளவு பேர் முன்னாடி, கெரின்காரங்க வேற வருவாங்க. பாவம்யா. நாம இத்தனை வருஷம் அவனை எப்படிப் பாத்துகிட்டோம், நீயே சொல்லு."

கடைசியில், சம்பவம் இருக்கட்டும், பெயர் வேண்டாம் என்று முடிவானது. 'ட்ரெசைஸ்' என்று இருந்த இடத்தில் 'ஓர் ஆட்டக்காரர்' என்று நொரீன் தன் கையாலேயே மாற்றினார். ஆதரவாகக் கைகள் உயர்ந்தன. பெர்னியின் கை கடைசியாக உயர்ந்தது.

ஆல்வினிடம் இதை நானே போய்ச் சொன்னேன். வேறு யார் வழியாகவாவது அவருக்குத் தெரிவது இன்னும் மோசம் என்று பட்டது. அவர் கொல்லையில் கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, கையிலிருந்த மிச்சத்தை வீசி முடித்தார்.

"நல்லவங்கப்பா," என்றார். "ரொம்ப நல்லவங்க." சிரிக்கவில்லை. விருந்துக்கு வருவீர்களா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

விருந்து கிளப் ஹாலில் நடந்தது. ஆட்டு ரோஸ்ட், பூசணி, குழம்பு. கெரின் ஏரிக்காரர்களுக்கு மேடையருகே நீள மேசை. ஆல்வின் வந்திருந்தார், சமையலறைக் கதவை ஒட்டிய மேசையில் கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்தார். அந்த மேசையில் ஆறு நாற்காலிகள். போகிறவர்கள் எல்லோரும் நின்று அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். யாரும் உட்காரவில்லை.

புத்தகத்திலிருந்து ஒரு பகுதியை நான் வாசிக்க வேண்டும் என்று ஏற்பாடு. கிளப் தொடங்கிய கதையை வாசிக்கச் சொல்லியிருந்தார்கள். நான் துணிச்சல்காரன் அல்ல. இரண்டு பக்கம் வாசித்தேன், கைதட்டினார்கள், உட்கார்ந்திருக்கலாம். உட்காராமல் எழுபத்து மூன்றாம் வருடத்துப் பக்கத்தைத் திருப்பினேன். மணி அடித்தது, கூட்டம் வேலிக்குத் திரும்பியது என்ற இடம் வரை அச்சிட்டபடியே வாசித்தேன். 'ஓர் ஆட்டக்காரர்' என்ற சொல் வந்தபோது, "ஆல்வின் ட்ரெசைஸ்" என்று வாசித்தேன். மீதியையும் வாசித்து முடித்தேன்.

யாரும் கைதட்டவில்லை. எங்கள் மேசைகளில் எல்லோரும் தங்கள் தட்டுகளைப் பார்த்தார்கள். நொரீனின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஆல்வினையும் பார்க்கவில்லை. அவர் எழுந்து போய்விட்டால் அதற்குக் காரணம் நான்தான் என்று மட்டும் நினைத்தேன்.

கெரின் ஏரி மேசையில் நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. கிளாரி வாய்ட் கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"எங்க இருக்கான் அவன்?" என்று கேட்டார். எங்கள் ஆள் ஒருவர் கதவுப் பக்கம் தலையை அசைத்தார். கிளாரி ஹாலின் முழு நீளத்தையும் மெதுவாக நடந்து கடந்து ஆல்வினின் மேசைக்கு எதிரே நின்றார்.

"ஏண்டா ட்ரெசைஸ், உன்னை எத்தனை தடவை எண்ணினேன் தெரியுமா? முதல் தடவை பத்தொன்பது வந்தப்ப என் கணக்கு வாத்தியார் மேலயே சந்தேகம் வந்துடுச்சு."

ஆல்வின் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னும் கொஞ்ச நேரம் எண்ணியிருக்கலாமே," என்றார். "கடைசி மணி அடிச்சிருக்கும்."

கெரின் ஏரி மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் பக்கம் சிரிப்பில்லை. கிளாரி ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

அதன் பிறகு நடனம் தொடங்கியது. நான் சமையலறையில் தட்டுகளைத் துடைக்கப் போனேன். நொரீன் இரண்டு கிண்ணங்களில் இனிப்பை எடுத்துக்கொண்டுபோய் அந்த மேசையில் வைத்துவிட்டு வந்தார். கதவு திறந்திருந்தது. இருவர் பேசுவதும் கேட்டது. சேறு எந்தப் பக்கம் அதிகம், காற்று எந்தக் கோலுக்கு வீசியது, எந்த நிமிடம் கிளாரிக்குச் சந்தேகம் வந்தது. உப்புக்குடுவை, சாஸ் புட்டி, தம்ளர்கள், கரண்டிகள் எல்லாவற்றையும் மேசை விரிப்பின் மேல் பரப்பி, யார் எங்கே நின்றார் என்று வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாற்பது வருடத்தில் ஆல்வின் ஃபுட்டி பேசியதை ஊரில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பேசக் கிடைத்தவர் எதிரணிக் கேப்டன். இதை மகிழ்ச்சி என்று எழுதுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு மேசை தள்ளி பெர்னி அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவர் முன்னாலிருந்த பீர் குறையவே இல்லை.

"நான் இங்க," என்று ஆல்வின் மிளகுக்குடுவையை வைத்தார். "எனக்கு முன்னால, ஓரத்துல, விங்ல, கெய்ன்."

"கெய்ன் இல்ல," என்றார் பெர்னி.

திரும்பாமல் சுவரைப் பார்த்துத்தான் சொன்னார். ஆல்வினின் கை அப்படியே நின்றது.

"கெய்ன் அப்போ முன்வரிசைக்குப் போயிட்டான். விங்ல நின்னது நான். உன் சத்தம் பின்னால கேட்டுச்சு. 'பந்தை விடு, நான் எடுக்குறேன்'னு கத்தின. நானும் விட்டேன்." பெர்னி தம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "நீ உள்ள இருக்கக் கூடாதுன்னு எனக்குத் தோணவே இல்ல, ஆல்வின்."

ஆல்வின் கெய்னாக இருந்த தம்ளரை மேலே நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் வைப்பதற்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடினார். மேசையில் எல்லாமே தீர்ந்திருந்தது. துடைத்துக்கொண்டிருந்த குவளையை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் பெர்னியின் இடத்தில் வைத்தார்.

பெர்னி எழுந்து வரவில்லை. நாற்காலியை மட்டும் மேசை தெரிகிற அளவுக்குத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.